தோளில் வந்த சோறு

‘பெராத்தூர்’ என்றால் மலாய் மொழியில் வரிசையில் நிற்பது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அது ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயராகிவிட்டது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய சின்னக் கடை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் வைத்த பெயர் இதுதான். இரவு பத்து மணிக்குத் திறப்பது அதன் நெடுநாள் வழக்கம். ஒன்பதரைக்கே ஆள் சேர்ந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டி வந்த குடும்பம், முதுகுப் பையோடு ஐரோப்பிய இளைஞர்கள், வேலை முடிந்து வந்த உள்ளூர்ச் சீனர்கள், மலாய்க்காரர்கள் என எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அத்தனை பேரும் காத்திருப்பது சோற்றுக்கும் குழம்புக்கும்தான். ராமநாதபுரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ முதல்முறை போகிறவர், “இதற்கா இவ்வளவு பாடு?” என்று கேட்டாலும் கேட்பார்.

கேட்கட்டும். அந்தச் சோற்றின் பெயரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நாசி கண்டார் என்பதில் நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் ஒரு தடியை வைத்து, இரு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்வது. தமிழில் இந்தத் தடிக்குப் பழைய பெயர் உண்டு: காவடி. காவுதல் என்றால் தோளில் சுமப்பது. முருகன் கோயிலுக்கு ஏறி ஏறி அந்தச் சொல்லில் பக்தி படிந்துவிட்டது. தண்ணீர் சுமந்தவருக்கும் பதநீர் சுமந்தவருக்கும் அது வெறும் சுமைக்கருவியாகத்தான் இருந்தது. அப்படிப் பார்த்தால் நாசி கண்டார் என்பதற்குச் சரியான தமிழ் ‘காவடிச் சோறு’.

பினாங்குக்குச் சுற்றுலா வருகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தவறவிடுவதில்லை. பழைய நகரத்தின் தெருக்கள், ஊருக்குப் பின்னால் நிற்கும் மலை, தெருவோரச் சாப்பாடு. மூன்றின் கதையையும் கிளறினால் அடியில் கிடைப்பது ஒன்றுதான்: யாரோ ஒரு கூலியின் தோள்.

பினாங் என்றால் பாக்கு. பாக்குமரத் தீவு என்பதுதான் புலாவ் பினாங். கெடா சுல்தானின் ஆளுகையில் இருந்த இந்தத் தீவில் 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரிட்டிஷ் கொடி ஏற்றினார் பிரான்சிஸ் லைட். காட்டை வெட்ட ஆள் கிடைக்காமல், பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் புதரை வெட்டிக்கொண்டே போனார்கள் என்றொரு கதையை இன்றும் வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். கம்பெனி ஆள் ஒருவர் வெள்ளிக்காசைக் காட்டில் இறைத்தார் என்பதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். அவர் செய்த உண்மையான தந்திரம் வேறு. துறைமுகத்துக்குச் சுங்கவரி கிடையாது என்று அறிவித்தார். அதன் பிறகு காசைத் தேடி மனிதர்கள் தாமாகவே வந்தார்கள்.

முதலில் வந்தவர்களில் சோழமண்டலக் கரைக்காரர்கள் முக்கியமானவர்கள். நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்து மரைக்காயர்களும் மற்ற தமிழ் முஸ்லிம்களும் கெடாவோடு அதற்கு முன்பே வணிகம் செய்து பழகியவர்கள். இவர்களை ஆங்கிலேயர் ‘சூலியா’ என்றார்கள். சோழியர் என்பதன் மருவல் என்று சொல்வார்கள். 1794-இல் லைட் கம்பெனிக்கு எழுதியபோது, தீவில் குடியிருக்கும் சூலியாக்கள் சுமார் ஆயிரம் பேர் என்றும், அது போக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வியாபாரமும் கூலியும் செய்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்றும், அவர்கள் இடத்துக்கு அடுத்த கூட்டம் வருகிறது என்றும் குறிப்பிட்டார். அதே ஆண்டு மலேரியாவில் லைட் இறந்துபோனார். அந்தப் போக்குவரத்து மட்டும் அதன் பின் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லை.

அந்த வரத்துதான் இன்று உலக மரபுச் சின்னமாகக் காட்டப்படும் தெருக்களைக் கட்டியது. 1801-இல் கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுக்க, பள்ளிவாசல் எழுந்தது. சூலியாச் சமூகத்தின் தலைவராக, ‘கப்பித்தான்’ ஆக நியமிக்கப்பட்டவர் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மொய்தீன். பள்ளிவாசலின் பெயரில் உள்ள கப்பித்தான் அவர்தான். ‘கிளிங்’ என்பது கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல். இன்று மலேசியத் தமிழர்கள் அதை வசையாகவே கருதுகிறார்கள், பள்ளிவாசலின் பெயரில் மட்டும் பொறுத்துக்கொள்கிறார்கள். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா உண்டு. அதற்குள் யாரும் அடங்கியிருக்கவில்லை. கடல் தாண்டிப் போனவர்கள் ஊர் நினைவாகக் கட்டிக்கொண்ட நினைவிடம் அது. குயின் தெருவில் 1833-இல் மகாமாரியம்மன் கோயில். சற்று நடந்தால் குவான் யின் கோயில், 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சுற்றுலாத் துறை இதற்கு ‘நல்லிணக்கத் தெரு’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. கட்டியவர்கள் அந்த எண்ணத்தில் கட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் கப்பலிலிருந்து இறங்கி நடக்கிற தூரத்தில் தன் சாமிக்கு இடம் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

மலாய் மொழிக்குள்ளும் இந்தச் சந்தடி கேட்கும். கடை அங்கே ‘கெடாய்’. கப்பல் ‘காப்பால்’. குளம் ‘கோலாம்’. முதல் ‘மோடால்’. கறி ‘காரி’. வணிகமும் வயிறும் சம்பந்தப்பட்ட சொற்களாகவே பார்த்து மலாய் எடுத்துக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை. இவற்றில் சில பினாங்குக்கும் பழையவை.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகின. பேராக்கின் வெள்ளீயம் பினாங்கு வழியாகப் போனது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்டு கரையை அமைத்தார்கள். அங்கே மூட்டை சுமக்கவும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குத் தோணி ஓட்டவும் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். தோணி வேலையில் தமிழ் முஸ்லிம்கள் கை ஓங்கியிருந்தது. பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். கிட்டங்கிகளில் நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள். உலை வைக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. விடியும் முன் வேலைக்கு இறங்க வேண்டும், அதற்குள் வயிற்றில் கனமாக ஏதாவது விழ வேண்டும். இட்லி தோசை அதற்குத் தாங்காது.

இந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் தோள் தடிக் கடை. ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் கறிச்சட்டிகள். வீட்டில் சமைத்து இறக்கி, துறைமுகத்துக்கும் தெருமுனைக்கும் நடந்தே போய் விற்றார்கள். கூட்டம் கண்ட இடத்தில் தடியை இறக்கி வைத்தால் கடை திறந்துவிட்டது என்று பொருள். எழுந்து நடந்தால் மூடிவிட்டது. வாடகை இல்லை, நாற்காலி இல்லை, பலகை இல்லை. முதலீடு என்பது ஒரு மூங்கில் தடியும் திடமான தோளும்.

தடியின் எடைதான் உணவின் வடிவத்தையும் தீர்மானித்தது. பத்துப் பதினைந்து வகை தூக்க முடியாது. மீன் குழம்பு, மாட்டிறைச்சி, அவித்த முட்டை, வெண்டைக்காய், கத்தரிக்காய் என்று நாலைந்தோடு நின்றது. சட்டிகள் சின்னவை. ஒருவருக்கு ஒரு துண்டு மீன்தான் கிடைக்கும், சோறோ மலைபோல வேண்டும். எனவே எல்லாச் சட்டியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் குழம்பை மோந்து சோற்றின் மேல் ஊற்றினார்கள். மீனுக்குக் காசில்லாதவருக்கும் மீன் குழம்பின் ருசி கிடைத்தது. இன்று இதற்கு ‘குவா சம்பூர்’ என்று பெயர், கலவைக் குழம்பு. இன்னும் தாராளமாக வேண்டும் என்றால் ‘பஞ்சிர்’ என்று கேட்க வேண்டும். வெள்ளம் என்று பொருள். உணவு எழுத்தாளர்கள் இந்தக் கலவையை மேதைமை என்கிறார்கள். மேதைமைதான், ஆனால் அதைக் கண்டுபிடித்தது வறுமை.

நம் ஊரில் இப்படிச் செய்தால் வீட்டில் திட்டு விழும். சாம்பார் தனி, மீன் குழம்பு தனி, கறிக்குழம்பு தனி என்று இலையில் வரப்பு கட்டிச் சாப்பிடுகிறவர்கள் நாம். நாசி கண்டார் கடையில் ஊற்றுகிறவர் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, கறுத்துச் சுண்டிய மாட்டிறைச்சிக் குழம்பு, பருப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்குவார். ஒவ்வொன்றும் தனியாகச் சாப்பிட்டால் சாதாரணம். சேர்ந்தபின் எது எதனுடையது என்று நாக்கால் பிரிக்க முடியாது. எதன் பின் எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் கடைக்குக் கடை வித்தியாசம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இதை விற்றவர்கள் புறப்பட்டு வந்த ராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ இந்தச் சாப்பாடு கிடையாது. மசாலாக்கூட்டும் கறிவேப்பிலையும் அங்கிருந்து போனவை. இறைச்சியைக் கறுக்க வைக்கும் சோயா சாறு சீனரிடம் வாங்கியது. ரம்பை இலையும் தேங்காய்ப்பால் தாராளமும் மலாய் வீடுகளில் கற்றது. தமிழர் கைப்பக்குவம், ஆனால் பிறந்த ஊர் பினாங்கு.

காலப்போக்கில் தடி கீழே இறங்கியது. நடந்து விற்றவர்கள் சீனர்களின் காப்பிக்கடை ஓரத்தில் இடம் பிடித்தார்கள். காப்பி சீனருடையது, சோறு தமிழ் முஸ்லிமுடையது, மேசை பொது. இந்த ஏற்பாடு பினாங்கில் இன்றும் உண்டு. சிலர் சொந்தக் கடையே போட்டார்கள். கேம்பல் தெருவில் 1907-இல் முகமது தம்பி ராவுத்தர் தொடங்கிய ஹமீதியா, நாட்டின் மிகப் பழைய நாசி கண்டார் கடையாகப் போற்றப்படுகிறது. பினாங்கு சாலையில் இரு கட்டடங்களுக்கு நடுவிலான சந்தில் ‘லைன் கிளியர்’ நடக்கிறது. சந்தில் கூரை போட்டுக் கடை நடத்துவதில் பழைய நடைக்கடையின் வாடை இன்னும் மிச்சமிருக்கிறது. சட்டப்படி சுவர் வைக்கத் தோன்றாத தலைமுறையின் கடை அது.

அதே காலத்தில் பினாங்குக்கு ‘ஊர் பார்க்க’ வந்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள்? அவர்கள் தடிக்கடைப் பக்கமே வரவில்லை. ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கீஸ்கள் 1885-இல் கடலோரத்தில் கட்டியெழுப்பிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலில் இறங்கினார்கள். சாமர்செட் மாம் போன்றவர்கள் தங்கிய இடம். கறி அங்கேயும் உண்டு. ‘டிபன்’ என்ற பெயரில், வெள்ளைத் துணி விரித்த மேசையில், தட்டுத் தட்டாகப் பணியாள் கொண்டுவந்து பரிமாறுவார். தெருவில் விற்கும் சோற்றை ஐரோப்பியப் பயணி தொடுவது அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாதது. இன்று அதே ஹோட்டலில் தங்குகிறவர், வண்டி பிடித்துப் போய் சந்தில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்.

ஹோட்டலில் தங்கிய துரைகள் வெப்பம் தாங்காமல் மலைக்கு ஏறினார்கள். எப்படி ஏறினார்கள் என்பதுதான் விஷயம். குதிரைவண்டி அடிவாரத்தோடு சரி. மேலே மட்டக்குதிரை அல்லது டோலி. மூங்கில் தண்டில் கட்டிய நாற்காலியில் துரையோ துரைசாணியோ அமர, கூலிகள் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறுவார்கள். மலைமேல் ரோஜாவும் குளிர்காற்றும் ரசிக்கப்பட்டதெல்லாம் இந்தத் தோள்களின் தயவில். கயிற்று ரயில் போட எடுத்த முதல் முயற்சி தோற்றுப்போனது. 1923-இல்தான் இன்னொரு பாதை சரியாக ஓடியது. நடுவழியில் இறங்கி வண்டி மாற வேண்டிய அந்த மரப்பெட்டி ரயிலை, பழைய பினாங்குவாசிகள் இன்னும் பாசத்தோடு பேசுவார்கள். 2011-இல் வந்த புது வண்டி மாறாமல் ஒரே ஓட்டமாக ஏறிவிடுகிறது. ஐந்தாறு நிமிடத்தில் மேலே. விடுமுறை நாளில் அடிவாரத்தில் நிற்கும் வரிசையைக் கணக்கில் சேர்த்தால் டோலி எவ்வளவோ பரவாயில்லை என்று சிலருக்குத் தோன்றக்கூடும், தூக்குகிறவர் தாமாக இல்லாத வரை.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போட்டன. ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு, ஊரை அப்படியே விட்டுவிட்டு பிரிட்டிஷார் போனார்கள். அந்தக் கோபம் பினாங்கில் வெகுகாலம் ஆறவில்லை. அடுத்த மூன்றரை ஆண்டுகள் அரிசி அரிதாகி, மலாயா முழுவதும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அந்தத் தலைமுறைப் பாட்டிகள் பலருக்குக் கடைசிவரை மரவள்ளி என்றாலே பிடிக்காமல் போனது.

போருக்குப் பின் கப்பல்கள் மறுபடி வந்தன. ‘ரஜூலா’ என்ற பெயரைச் சொன்னால் நாகப்பட்டினம், ராமநாதபுரம் பக்கத்து முதியவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. மேல்தளத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு ஒருகாலத்தில் அனுமதி இருந்தது. பெட்டியும் படுக்கையுமாக ஏறியவர்களில் நாசி கண்டார் கடைகளுக்குப் போன பையன்கள் நிறையப் பேர். மாமா போயிருப்பார், மருமகனை அழைத்துக்கொள்வார். மருமகன் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, வெங்காயம் உரித்து, சோறு வடித்து, பல ஆண்டு கழித்துத்தான் குழம்புக் கரண்டியைத் தொடுவார். மலாய்க்காரர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரரை ‘மாமாக்’ என்று அழைப்பது நம் மாமாவிலிருந்து வந்ததுதான். அந்தக் கடைகளுக்குள் அழைப்பு உண்மையாகவே மாமா, மச்சான் முறையில்தான் ஓடியது.

ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. லைட் எழுதி வைத்த அந்த வருடாந்திர வரவும் போக்கும் கடல்வழியில் நின்றது அப்போதுதான்.

கப்பல் நிற்கும் முன்பே நிலைமை மாறியிருந்தது. 1950-களில் குடிநுழைவு விதிகள் இறுகின. 1969-இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகக் கூலியை நம்பி எழுந்த ஊருக்கு அது பெரிய அடி. நாசி கண்டார் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. 1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. மூட்டை சுமப்பவருக்குப் பதில் மூன்று ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி வந்தார். அவருக்கும் அகால நேரத்தில் சூடான கனத்த சாப்பாடு வேண்டியிருந்தது. விடியற்காலைச் சோறு நள்ளிரவுச் சோறாகவும், இருபத்துநான்கு மணி நேரச் சோறாகவும் மாறியது. 1985-இல் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலம் தீவைப் பெருநிலத்தோடு இணைத்தது. படகுக்குக் காத்திருக்காமல், சாப்பிடுவதற்கென்றே மற்ற மாநிலத்தார் கார் ஏறி வரத் தொடங்கினார்கள்.

மாமாக் கடைகள் சோற்றோடு நிற்கவில்லை. சீனரின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் போட்டுப் புரட்டி மீ கோரெங் ஆக்கினார்கள். இன்று பலர் அதை மலாய்ப் பண்டம் என்றே நினைக்கிறார்கள். வடைபோன்ற பொரிப்புகளை நறுக்கி, வெள்ளரிக்காய் சேர்த்து, சர்க்கரைவள்ளிக்கிழங்குக் குழம்பை ஊற்றினால் பசெம்பூர். டீயை ஆற்றும் நம் ஊர் வித்தை ‘தே தாரிக்’, இழுத்த டீ என்று பெயர் மாறிப் புகழ் பெற்றது. பரோட்டா ரொட்டி சானாய் ஆனது. அந்த ‘சானாய்’ சென்னையா, அல்லது மாவைத் தேய்த்து மெலிதாக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லா என்று சண்டை உண்டு. மலாய்ச் சொல் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று படுகிறது. பினாங்குக்கு ரொட்டி கொண்டுபோனவர்கள் சென்னைக்காரர்கள் இல்லை. இடியாப்பம் ‘புத்து மாயாம்’ என்றும், ஆப்பம் ‘அப்போம்’ என்றும் தெருவில் விற்கப்படுகின்றன. பர்மா சாலையில் அப்போம் சுட்டுப் பெயர் வாங்கியவர்கள் சீனர்கள்.

பினாங்கின் மற்றத் தெருப் பண்டங்களும் உழைப்பாளிகளுடையவையே. பன்றிக்கொழுப்பில் புரட்டிய சார் குவே தியாவ், பகலில் மீன்பிடித்துவிட்டு மாலையில் கடை போட்ட சீனர்களின் உபதொழிலாகத் தொடங்கியதாகச் சொல்வார்கள். மூங்கில் துண்டைத் தட்டி ஒலி எழுப்பிக்கொண்டு வந்த நூடுல்ஸ்காரருக்கு அந்த ஒலியே பெயர், ‘டோக் டோக்’. தலையில் தட்டு வைத்துக் கச்சாங் பூத்தே என்ற கடலை, முறுக்கு வகைகளை விற்றவர்கள் தமிழர்கள். புளியும் கானாங்கெளுத்தி மீனும் சேர்ந்த ஆசாம் லக்சாவை 2011-இல் சி.என்.என். உலகின் சுவையான உணவுகள் பட்டியலில் ஏழாவதாக வைத்தது. பதினாறாவதாக வைத்திருந்தாலும் பினாங்குக்காரர்கள் பட்டியலைத்தான் குறை சொல்லியிருப்பார்கள், லக்சாவை இல்லை.

தெருக்களின் விதி உணவின் விதியைப் போல நல்லதாக அமையவில்லை. போருக்குப் பின் தொடர்ந்த வாடகைக் கட்டுப்பாட்டினால் பழைய நகரத்தில் ஏழைகள் மலிவாகக் குடியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. தலைமுறைகளாக இருந்த சாவி செய்பவர், பிரம்பு முடைபவர், பாய்க்கடைக்காரர், தையற்காரர் எனப் பலர் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்தது. இருபது பேர் படுத்த கிட்டங்கி, நாலு அறை விடுதியாகியது. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சாக்கரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் இரு குழந்தைகளை வரைந்தார். ஓவியம் அழகுதான். ஆனால் அதன் முன் படம் எடுக்க நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர், நூறு அடி தள்ளி வீட்டு வாசலில் உண்மையாகவே சைக்கிள் பழுது பார்ப்பவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சாப்பாட்டுக்கும் மரியாதைகள் வந்து சேர்ந்தன. 2022 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. பினாங்கில் நட்சத்திரம் இரண்டு உணவகங்களுக்கு மட்டுமே என்றாலும், மலிவு விலைப் பட்டியலில் தெருக்கடைகள் நிறைய இடம் பிடித்தன. அதற்கு முன்பே, 2016 முதல், தெருக்கடைகளில் குறிப்பிட்ட சில உள்ளூர் உணவுகளை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு விதி போட்டிருந்தது. ருசி கெட்டுவிடுமாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்கள் சமைத்துத்தான் பினாங்குக்கு அந்த ருசியே வந்தது என்பதை விதி எழுதியவர்கள் அறியாதவர்கள் இல்லை. சுற்றுலாவின் காசு கண்ணை மறைத்திருக்கும். 2024-இல் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பெயர் சொல்லி இடம் பெற்றன. விடியற்காலையில் மூட்டைக்காரரின் பசியாற்றிய காவடிச் சோறு அந்த வரியில் இல்லை.

தடிகள் இப்போது தெருவில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வேறு வடிவில் திரும்பி வருகின்றன. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நகரத்தார் கோயிலின் வெள்ளி ரதமும், 2017 முதல் தங்க ரதமும் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். வழியெங்கும் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பார்கள். மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். தோளில் காவடியோடு ஏறுகிறவர்களுக்குக் கீழே, சாலையோரம் முழுக்கத் தண்ணீர்ப்பந்தல், சோறு, மோர். வருகிற யாருக்கும் இலவசம்.

பினாங்கு போகிற தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. நாசி கண்டார் கடையில் தமிழில் பேசலாம், பதில் பெரும்பாலும் ராமநாதபுரம் அல்லது நெல்லைச் சாயலில் வரும். சோறு வாங்கியதும் ‘குவா சம்பூர்’ என்று சொல்லிவிட்டு ஊற்றுகிறவரை அவர் போக்கில் விடுங்கள், தனித்தனிக் கிண்ணம் கேட்காதீர்கள். கணக்கைத் தட்டைப் பார்த்துத்தான் போடுவார்கள். பெரிய இறாலும் மீன்முட்டையும் எடுப்பதாக இருந்தால் விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.